செண்பகத்தின் சுருட்டை

பிப்ரவரி 26, திங்கள்

அப்பா இன்றைக்கும் சாப்பிடவில்லை. இட்லியைப் பிசைந்து சீனி போட்டு வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்கிறார். கைக்குழந்தை இப்படிச் செய்தால் கொஞ்சலாம். எண்பத்தொரு வயதில் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"செண்பகம் எங்க? அவ வந்து ஊட்டட்டும்."

"நான் ஊட்டுதேன்ப்பா. வடிவு."

கையை நீட்டி என் தலையைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் மங்கிப்போய் ரெண்டு வருஷம். ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. யார் வந்தாலும் தலையைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். மரியபுஷ்பம் என்றால் கொண்டை, டாக்டர் என்றால் வழுக்கை. என் தலையில் வழவழவென்று நேர்முடி. தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீ போ தாயி. செண்பகத்த வரச்சொல்லு."

செண்பகம் என் அக்கா. அவள் வரமாட்டாள்.

குக்கருக்கு காஸ்கெட் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 29, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்தார். அப்பாவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். தோல் அப்படியே நின்றது.

"ரெண்டு மூணு வாரம் பாப்போம்மா. இப்படியே இருந்தாவன்னா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். போட்டா பிடுங்கிப் போடுவாவ. கையக் கட்டில்ல கட்டி வைக்க வேண்டியிருக்கும்."

கையைக் கட்டுவது என்றதும் மரியபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் ஸ்கூல் ஆபீஸுக்குப் போகும் நேரமெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். என்னைவிட அவளுக்குத்தான் அப்பாவிடம் பொறுமை.

"அந்தப் பெரிய மகள ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்றார் டாக்டர்.

"அவ வெளியூர்ல இருக்கா."

பொய் என்றும் சொல்ல முடியாது. செண்பகம் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பாவுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முன்னால் அவள் பெயரையே எடுக்க முடியாது. இன்றைக்கு அந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வருவதில்லை.

மார்ச் 1, வெள்ளி

அதிசயம். அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார்!

நேற்று ஈரத்தலையோடு இறுக்கிப் பின்னிப் போட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அவிழ்த்தால் முடி நெளிநெளியாக நின்றது. வாருவதற்குள் அப்பா கூப்பிட்டார் என்று அப்படியே போனேன். தலையைத் தொட்டார். கை அங்கேயே நின்றது.

"ஏட்டி, வந்துட்டியா?"

ஒரு கொத்தை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றினார். விட்டார். மறுபடி சுற்றினார். செண்பகத்துக்கு அவர் வெள்ளிக்கிழமைதோறும் செய்த வேலை அது. சுருட்டை முடி என்றால் சாதாரணச் சுருட்டை இல்லை, பேனா ஸ்பிரிங் போல விரலை விட்டதும் எகிறும். எண்ணெய் வைத்து, பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்து, ஒவ்வொரு கொத்தாக விரலில் சுற்றி விடுவார். ஒரு மணி நேரம் ஆகும். அவள் அவர் மடியில் சாய்ந்து தூங்கியே போவாள். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. என் முடியை நானே வாரிக்கொள்வேன்.

இட்லி தீர்ந்த பிறகும் அவர் கை என் தலையில் இருந்தது. நான் விலக்கவில்லை. சாப்பாடு ஜீரணமாகட்டும் என்றுதான்.

மத்தியானம் முடி பழையபடி நேராகிவிட்டது. "நீ ஆரு?" என்றார். சோறு அப்படியே திரும்பியது.

மார்ச் 3, ஞாயிறு

நேற்றும் ஈரத்தோடு பின்னிப் பார்த்தேன், அப்பா ரெண்டு தடவை சுற்றி இழுத்ததும் நெளி போய்விட்டது. டவுனில் நாடகத்துக்கு டிரெஸ் வாடகைக்கு விடுகிற கடையில் சுருட்டை விக் ஒன்று எடுத்து வந்தேன். எந்த ராணி மாட்டியதோ, ஒரே பவுடர் நாற்றம். மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்பா விரலைச் சுற்றி இழுத்தார். முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

அப்பா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அக்கா தலை கையோடு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"ஒட்டுமுடிக்கெல்லாம் ஏமாற மாட்டாவ" என்றாள் மரியபுஷ்பம். "பேசாம பியூட்டி பார்லர் போயி கர்லிங் பண்ணிட்டு வாங்க. ஹீரோயின் மாதிரி இருப்பீய."

கிண்டலுக்குச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

அதற்குப் பெயர் பெர்ம். மருந்து போட்டுச் சுருட்டினால் தண்ணீரில் நனைந்தாலும் போகாதாம், ஆறு மாசம் நிற்குமாம். ஆபீஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். டி.சி. வாங்க வந்த ஒரு அம்மா கவுன்டரில் கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். கவனிக்கவில்லை.

பண்ணலாமா வேண்டாமா? ஐம்பத்தொரு வயசில் சுருட்டை வைத்துக்கொண்டு போனால் ஸ்கூலில் பிள்ளைகள் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தொலையட்டும். என் முடி இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. ஐம்பத்தொரு வருஷத்தில் ஊரார் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னார்கள் என்றால் அது இந்த முடியைத்தான். அதனால் கொஞ்சம் யோசனை. வேறொன்றும் இல்லை.

இன்று கஞ்சி அரை டம்ளர்.

மார்ச் 9, சனி

ரெண்டு இடம் பார்த்தேன்.

முதலில் மார்க்கெட் பக்கம் ரெக்ஸ் மாஸ்டர். ஆண் பெண் இருபாலருக்கும் என்று போர்டு. என் தலையைப் பார்க்கக்கூட இல்லை, "உக்காருங்க மேடம், இப்பவே பண்ணிருவோம்" என்று துணியை உதறிவிட்டார். கை ரெடி, அதைவிட வாய் ரெடி.

"என்ன விசேஷம் மேடம்? மகளுக்குக் கல்யாணமா?"

"இல்ல."

"மகனுக்கா? சார் என்ன பண்ணுதாவ?"

"சார்னு ஒருத்தரும் இல்ல."

"அப்ப திடீர்னு எதுக்கு மேடம் கர்லிங்?"

பர்ஸை மறந்துவிட்டேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது வண்ணார்பேட்டையில் மாடியில் இருக்கிற ஏ.சி. பார்லர். வருகிற பெண்கள் எல்லாம் சுருட்டையை நேராக்க வருகிறார்கள். நேர்முடியைச் சுருட்ட வந்தவள் நான் ஒருத்திதான். வரவேற்பில் இருந்த பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே கை காட்டியது. அங்கே ருவாத்தி. மிசோரம் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். தமிழ் நாலு வார்த்தை. என் பின்னலை அவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, டை போட்டிருக்கு?"

"பாக்கெட் கருப்பு மருதாணி. ரெண்டு வருஷம் ஆச்சு, போடல."

அப்பா படுத்த பிறகு அதற்கெல்லாம் நேரமேது? வேரிலிருந்து கழுத்து வரைக்கும் நரை. அதற்குக் கீழே கருப்பு. காதுக்குப் பின்னாலிருந்து ஒரு இழை எடுத்து மருந்து தடவி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவினாள். லேசாக இழுத்தாள். கருப்பு பாகம் வெந்த சேமியா மாதிரி அவள் கையில் வந்துவிட்டது. மேலே நரைத்த பாகம் மட்டும் அழகாகச் சுருண்டு நின்றது.

"கட் பண்ணணும் அக்கா. இங்க வரை." கழுத்தில் விரல் வைத்துக் காட்டினாள். "பாவம் முடி. வேணாம் அக்கா. வீட்டுக்குப் போ."

ஏன், எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ருவாத்தியிடமே பண்ணுவதாக முடிவு செய்தேன். இழையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்கிறாள், அதனால். ரெக்ஸ் மாஸ்டரிடம் உட்கார்ந்திருந்தால் மொத்தமும் சேமியாவாகப் போயிருக்கும்.

மரியபுஷ்பத்திடம் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"நான் சும்மா வெளாட்டுக்குல்லா சொன்னேன்! செத்துப்போனவ வேஷத்தப் போட்டா சோறு ஊட்டுவீய?"

"டியூப் போட்டுக் கையக் கட்டுவாங்க. அது பரவாயில்லையா?"

"அது பாவம். இதுவும் பாவந்தாங்க்கா."

"ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 13, புதன்

பால் ரெண்டு மடக்கு. அவ்வளவுதான். கண் உள்ளே போய்விட்டது. சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

நாளைக்கு. தூக்கம் வரப்போவதில்லை, எழுதியாவது வைக்கிறேன்.

செண்பகம் கூடப் படித்த பையனோடு போனது தொண்ணூற்றெட்டில். வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டாச்சு என்று தகவல் வந்தது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நேரே புறவாசல் தொட்டிக்குப் போனார். வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். "எனக்கு ஒரு மக செத்துட்டா. எல்லாரும் தலை முழுகுங்க" என்றார். இழவு வீட்டுக்குப் போய் வந்தால் முழுகுவோமே, அதே முழுக்கு. உயிரோடு இருக்கிறவளுக்கு. அம்மா அழுதுகொண்டே ஊற்றிக்கொண்டாள். நானும் ஊற்றிக்கொண்டேன். ஈரமாக இருக்கிறதா என்று அப்பா எங்கள் தலையைத் தொட்டுப் பார்த்தார். அம்மா தலையை, அப்புறம் என் தலையை. "இனி அவ பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்றார். "எடுக்கலப்பா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

அப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காபி குடித்தார்கள், என் முடியைப் பார்த்தார்கள், மூத்தவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். எனக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. ஸ்கூல் வேலை கிடைத்தது. அம்மா காலமான பிறகு வீடு நானும் அப்பாவுமாக ஆகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஸ்கூல் மீட்டிங் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். தலையில் துணி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். கேன்சர் மருந்திலேயே முடியெல்லாம் கொட்டிவிட்டதாம். நான் துணியைத் தொடவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளவும் இல்லை. ஒருத்திக்கு எத்தனை தடவைதான் முழுகுவது?

மார்ச் 17, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

ருவாத்தி முடியை வெட்டும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. பின்னல் கீழே விழுந்தபோது பாம்பு விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. ஒரு பையன் விளக்குமாற்றோடு வந்து தள்ளிக்கொண்டு போனான். பிறகு சின்னச் சின்ன பிளாஸ்டிக் குச்சிகளில் முடியைச் சுற்றினாள். மருந்து மூக்கை அரித்தது, கண்ணில் தண்ணீர். அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். அப்பா, செண்பகம், தொட்டி, டியூப், எல்லாம். ஒருவரிடமும் இதுவரை சொன்னதில்லை. அவள் ஊம், ஊம் என்று சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முடித்துத் துடைத்துவிட்டு, "ரெண்டு நாள் தண்ணி வேணாம் அக்கா. எண்ணெய் வேணாம்" என்றாள். கதவு வரைக்கும் கூட வந்தாள். "அப்பா சாப்பிடும்" என்றாள்.

கண்ணாடியில் நரைத்த செண்பகம் நின்றாள். உயிரோடு இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். மரியபுஷ்பம் கதவைத் திறந்து, "யேசுவே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரசஞ்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து என் தலையில் வைத்தேன்.

விரல் தேடியது. ஒரு கொத்தைச் சுற்றியது. விட்டது. எகிறியது.

"செண்பகம்" என்றார். எத்தனையோ மாசம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு. "எப்பட்டி வந்த?"

"இப்பத்தாம்ப்பா. வாயத் திறங்க."

திறந்தார். ஒரு வாய் வாங்கி மென்று விழுங்கினார். மரியபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டாவது வாயை எடுத்தேன்.

"அவனும் வந்திருக்கானா?"

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். மருந்து நாற்றத்தை, என் குரலை, நரையை. இதை யோசிக்கவில்லை. இத்தனை நாளாக அவர் கேட்டது மடியில் தூங்கிய பிள்ளையை. கைக்குச் செண்பகம் கிடைத்ததும் மிச்சமும் சேர்ந்து ஞாபகம் வந்துவிட்டது.

"இல்லப்பா. நான் மட்டுந்தான்."

"வாசல்ல நிக்கானா?"

தலையிலிருந்து கையை உருவிக்கொண்டார். வாயில் இருந்ததைத் துப்பினார். பிடித்துத் தூக்கினாலும் நிற்க முடியாத மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தார். நேரே புறவாசல். தொட்டியைத் தடவிக் கண்டுபிடித்து, கோப்பையால் அள்ளித் தலையில் ஊற்றினார். பனியன், வேட்டி எல்லாம் ஒழுகியது. விழுந்துவிடப் போகிறார் என்று தோளைப் பிடித்தேன்.

"தொடாத. எனக்கு ஒரு மக செத்துட்டா."

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. மரியபுஷ்பம்தான் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். குளிரில் தாடை அடித்துக்கொண்டது.

"வடிவு எங்க?" என்றார். "வடிவக் கூப்பிடு. அவ வந்து துவட்டட்டும்."

என் காதில் சரியாக விழுந்ததா என்று மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"நான்தான்ப்பா வடிவு."

கையை நீட்டித் தொட்டார். சுருட்டை பட்டதும் தட்டிவிட்டார்.

"பொய் சொல்லாத. எம்மக வடிவுக்குப் பட்டு மாதிரி நீட்டு முடி. இடுப்புக்குக் கீழ கிடக்கும். எனக்குத் தெரியாதா?"

ஐம்பத்தொரு வருஷத்தில் அப்பா என் முடியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. அந்த முடி வண்ணார்பேட்டையில் குப்பைக் கூடையில் கிடக்கிறது. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கேட்கிற மாதிரியே அழுதேன்.

துவட்டியது மரியபுஷ்பம். சோற்றைத் தொடவில்லை. வடிவு வரட்டும் என்கிறார்.

மார்ச் 17, மாலை

காலையிலிருந்து ஒன்றும் இல்லை. வடிவு வந்தாச்சா, வடிவு வந்தாச்சா. நான் கூப்பிட்டால் குரலைக் கேட்டு முகம் திரும்புகிறது, கை தலைக்கு வருகிறது, சுருட்டை பட்டதும் தள்ளிவிடுகிறது. நேராக்க முடியுமா என்று ருவாத்திக்குப் போன் பண்ணினேன். "இப்ப மருந்து போட்டா எல்லாம் போகும் அக்கா" என்றாள். உதட்டில் தேன் தடவிப் பார்த்தாள் மரியபுஷ்பம். துப்பிவிட்டார்.

நாலு மணிக்குப் புறவாசலுக்குப் போனேன். தண்ணீர் படக்கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. கோப்பையால் அள்ளி ஊற்றிக்கொண்டேன். நன்றாகத்தான் ஊற்றிக்கொண்டேன். ஒரு முடி வெளியே தெரியாமல் துண்டை இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். துண்டும் சொட்டச் சொட்ட நனைந்தது.

"அப்பா, வடிவு வந்திருக்கேன்."

கை வந்தது. துண்டைத் தொட்டது. நெற்றியில் வழிந்த தண்ணீரைத் தொட்டது.

"நீயும் முழுகிட்டியா?"

"முழுகிட்டேன்ப்பா."

"ஒங்கம்மை?"

"அம்மையும் முழுகிட்டா."

"இனி அவ பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

மரியபுஷ்பம் கதவோரம் நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. என் கையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"எடுக்கலப்பா" என்றேன்.

வாயைத் திறந்தார்.

மார்ச் 18, திங்கள்

ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டேன். அப்பா காலையில் மூன்று இட்லி, ஒரு டம்ளர் பால். டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம், டியூப் வேண்டாம் என்றார்.

இந்த வீட்டில் இப்போது செண்பகத்தை யாரும் கேட்பதில்லை.

மத்தியானத்துக்கு ரசம் வைக்க வேண்டும். தலையில் துண்டு காய்ந்துவிட்டது. ஊட்டுவதற்கு முன்னால் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும்.